ஐந்து வயதுப் பையனுக்கு ‘ஹோம் அலோன்’ போட்டுக் காட்டலாமா?

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து ‘ஹோம் அலோன்’ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிடியில் ‘குடும்பப் படம்’ என்று வருகிறது. நாத்தனார் ‘ஒரே அடிதடி, வேண்டாம்’ என்கிறார். உங்கள் வீட்டுக்காரர் ‘நாமெல்லாம் இதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்’ என்கிறார். படம் நல்ல படம் என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. நாலு வயது இடைவெளியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே சாயங்காலத்தில் ஒரே படம் ஒத்துவருமா, இந்த மூன்று பேரில் யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். மகளுக்குத் தாராளமாகப் போடலாம். மகனுக்கு இந்த வருடம் வேண்டாம், இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் நாத்தனார் சொல்லும் காரணத்துக்காக இல்லை. நான் குழந்தை உளவியல் படித்துவிட்டுப் பள்ளிகளில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டிசம்பரில் குழந்தைகள் நூலகம் ஒன்றில் படம் போடுவார்கள். எந்தப் படத்தை எந்த வயதுக்காரர்களுக்குப் போடலாம் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் வேலையும் பல வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். எது ஆய்வில் நிலைத்த விஷயம், எது என் கணிப்பு என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

அந்த லேபிளை முதலில் பார்த்துவிடுவோம். 1990இல் வந்த இந்தப் படத்துக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘பிஜி’ சான்றிதழ். அமெரிக்க பிஜி வயது எதையும் சொல்வதில்லை. சில பகுதிகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போகலாம், பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பிரிட்டன் வாரியம் இன்னும் தெளிவு. ‘யு’ என்றால் நான்கு வயதும் அதற்கு மேலும். ‘பிஜி’ என்றால் எட்டு வயதை ஒட்டிய பிள்ளையையோ அதற்கு மூத்த பிள்ளையையோ அந்தப் படம் கலங்க வைக்கக் கூடாது. அவர்கள் கணக்குப்படியே உங்கள் மகள் உள்ளே வருகிறாள், மகன் வெளியே நிற்கிறான். இந்தியாவில் தியேட்டர் படங்களுக்கு யுஏ என்று ஒரே பிரிவாக இருந்ததை 2023 சட்டத் திருத்தத்தில் 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ஓடிடி விஷயம் வேறு. 2021 விதிகளின்படி, தான் காட்டும் படம் எந்த வயதுக்கு என்று அந்தத் தளமே முடிவு செய்து போட்டுக்கொள்கிறது. தணிக்கை வாரியம் பார்த்துத் தருவதில்லை. நீங்கள் பார்த்த ‘குடும்பப் படம்’ என்பது அந்த வயதுக் குறிகூட இல்லை. அது காதல், திகில், நகைச்சுவை என்பதுபோல ஒரு வகைப் பெயர். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் 7+, 13+ என்று சின்னதாக ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள்.

வயதுக் குறியிலும் ஒரு குறை உண்டு. சான்றிதழ் தருகிறவர்கள் திரையில் இருப்பதைப் பார்க்கிறார்கள்: ரத்தம், ஆயுதம், கெட்ட வார்த்தை, நிர்வாணம், பயமுறுத்தும் காட்சி. ஐந்து வயதுப் பிள்ளை எதைப் பார்த்துப் பயப்படும் என்பது அதோடு பாதிதான் ஒத்துப்போகும். இதில் ஓரளவு உறுதியாகவே பேசலாம், ஏனென்றால் நன்றாக ஆராய்ந்த விஷயம் இது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேண்டர் என்ற பேராசிரியர், படமும் டிவியும் பிள்ளைகளுக்கு உண்டாக்கும் பயத்தைப் பற்றி மட்டுமே பல காலம் வேலை செய்தவர். 1980களில் அவரும் கூட இருந்தவர்களும் செய்த ஒரு சோதனையில், ஒரு வயதான பெண்மணி வரும் சின்னப் படத்தை நான்கு விதமாக எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் பார்க்கவும் நல்ல பாட்டி, நடப்பதும் நல்லபடி. ஒன்றில் தோற்றம் சூனியக்காரி, குணம் தங்கம். மற்ற இரண்டில் இதைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள். பள்ளி சேராத வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முகத்தை வைத்தே அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்று முடிவு கட்டினார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் அவள் என்ன செய்தாள் என்பதை வைத்து முடிவு செய்தார்கள்.

‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்தும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். சாதுவான மனிதன் ஒருவன் பச்சை ராட்சதனாக மாறும் இடத்தில் குட்டிப் பிள்ளைகள் அதிகமாகப் பயந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது அவ்வளவு பயமாக இல்லை, ஏனென்றால் அந்த ராட்சதன் காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கீத பவனி வரும் ராத்திரிகளில், கன்னம் சிவந்த பிளாஸ்டிக் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வந்து மிட்டாய் நீட்டுவார். எட்டு வயதுப் பையன் பாய்ந்து வாங்குவான். நாலு வயதுத் தங்கை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிடுவாள். முகமூடிக்குள் இருப்பது பக்கத்து வீட்டு அண்ணன்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த நேரத்தில் அது அவளிடம் எடுபடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது படத்துக்கு வாருங்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிகாகோவின் புறநகரில் ஒரு பெரிய குடும்பம், கிறிஸ்துமஸுக்குப் பாரிஸ் கிளம்பும் அவசரத்தில் எட்டு வயது கெவினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவன் தனியாகச் சமாளிக்கிறான், வீட்டுக்குள் புகப் பார்க்கும் இரண்டு திருடர்களைப் பொறி வைத்து விரட்டுகிறான். நாத்தனார் பயப்படுவது கடைசியில் வரும் அந்தப் பொறிகளுக்காக. நான் பயப்படுவது அதற்கு முன்னால் வரும் வேறு இடங்களுக்காக. ஒன்று, வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறை. இருட்டில் அங்கே இருக்கும் கணப்பு உலை, நெருப்பு வாயைத் திறப்பது போலக் கெவினைப் பார்த்து உறுமும். இன்னொன்று, பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி. நரைத் தாடி, கறுப்புக் கோட்டு, கையில் பனி அள்ளும் மண்வெட்டி. அவர் தன் குடும்பத்தையே கொன்றவர் என்று அண்ணன்காரன் கதை கட்டிவிடுகிறான். பிறகு கடையில் கெவின் நிற்கும்போது, கட்டுப் போட்டு ரத்தம் கசிந்த கையோடு அவர் பக்கத்தில் வந்து நிற்பார். இசையும் கேமராவும் சேர்ந்து அந்த மனிதரைப் பேய் மாதிரியே காட்டும்.

அந்தப் பயத்தைப் படமே பிறகு அவிழ்த்துவிடுகிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த காட்சி அதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, தேவாலயத்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மார்லி வந்து கெவின் பக்கத்தில் உட்காருகிறார். பேத்தி பாடுவதைக் கேட்க வந்ததாகச் சொல்கிறார். மகனோடு பேச்சுவார்த்தை இல்லை, போன் செய்யப் பயமாக இருக்கிறது என்கிறார். கெவின், தானும் நிலவறையை நினைத்துப் பயந்ததாகவும், விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றும் பெரிய மனிதன் மாதிரி பதில் சொல்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் சொன்னதை நம்பி ஒருவரைக் கண்டு நடுங்கினோம், கிட்டப் போனால் அவரும் பயந்துபோன ஒரு தாத்தா! உங்கள் மகள் இந்த இடத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் கவனியுங்கள்: பயம் வருவது முழுக்கக் காட்சியில், ஆறுதல் வருவது முழுக்கப் பேச்சில். தேவாலயக் காட்சியில் இரண்டு பேர் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பையன் அந்த நேரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவன் ஆங்கிலத்தில் பார்க்கிறான் என்றால் இன்னும் மோசம். வேகமான அமெரிக்க உச்சரிப்பு, கீழே ஓடும் எழுத்தை வாசிக்கத் தெரியாத வயது. மண்வெட்டிக் கிழவர் புரியும், பயந்துபோன தாத்தா புரிய மாட்டார். படம் முடிகிறபோது மார்லி பேத்தியைக் கட்டிக்கொள்வதை ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள். அது காட்சியாகவே வருகிறது, உண்மைதான், ஆனால் அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். பயமுறுத்திய காட்சிதான் படுக்கைக்குக் கூட வரும். அதனால் நம் பிள்ளைகளுக்கு வேற்று மொழிப் படம் எதுவானாலும், சான்றிதழ் சொல்லும் வயதோடு ஓரிரண்டு வயது கூட்டியே நான் கணக்குப் போடுவது வழக்கம். இதற்கு ஆய்வுச் சான்று என்று எதையும் நான் காட்ட முடியாது. திரையிடல்களில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த வழக்கம். தமிழ் ஒலியோடு பார்க்கக் கிடைத்தாலோ, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாலோ இந்தக் கணக்கைத் தளர்த்தலாம்.

இன்னொரு விஷயம், அம்மா போய்விடுவது. பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் இந்தக் கதையின் இன்பமே அதுதான்: கேட்க ஆளில்லாத வீடு, இஷ்டம்போல ஐஸ்கிரீம், அம்மா அப்பா கட்டிலில் ஏறிக் குதித்தபடி பாப்கார்ன். ஒரு தடவை இந்தக் காட்சி ஓடும்போது அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யூகேஜி படிக்கும் பிள்ளை ஒன்று மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி முட்டிபோட்டு நின்று, பின்வரிசையில் தன் அம்மா இருக்கிறாளா என்று தேடிக்கொண்டிருந்தது. படம் முடிந்ததும் சின்னதுகள் கேட்கும் கேள்வியும் திருடர்களைப் பற்றி இருக்காது. ‘அவங்க அம்மா எப்படி மறந்தாங்க?’ என்பதுதான் பெரும்பாலும் வரும். அதுவும் இந்தக் கதையில் முந்தின ராத்திரி அவன் கோபத்தில், குடும்பத்தில் யாரையும் இனிமேல் பார்க்கவே வேண்டாம் என்கிறான். காலையில் எழுந்தால் யாரும் இல்லை. தன் வேண்டுதல்தான் பலித்துவிட்டது என்று அவனே நம்புகிறான். மனதில் நினைத்தால் அது நடந்துவிடும் என்று குட்டிப் பிள்ளைகள் நினைப்பது வளர்ச்சியில் இயல்பான ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது வெறும் கதைத் திருப்பமாக இருக்காது. இந்த வருடம்தான் பள்ளி சேர்ந்திருக்கிறான், வாசலில் விடும்போது இன்னும் அழுகிறான், அல்லது வீட்டில் அப்பாவோ அம்மாவோ வெளியூர் வேலையில் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் தள்ளிப் போடுங்கள்.

சரி, அடிதடிக்கு வருவோம். நாத்தனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி முகத்தில் விழுகிறது, காலில் ஆணி ஏறுகிறது, தலைமுடி நெருப்பில் பொசுங்குகிறது, பெயிண்ட் டப்பா மாடிப்படியில் ஊசலாடி வந்து முகத்தில் மோதுகிறது. எந்தக் காயமும் நிலைப்பதில்லை, இரண்டு பேரும் எழுந்து அடுத்த பொறிக்கு வந்துவிடுகிறார்கள். 1990களில் அமெரிக்காவில் நடந்த தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு, அடிகளை எண்ணுவதோடு நிற்காமல் அவை எப்படிக் காட்டப்படுகின்றன என்பதையும் பார்த்தது. அடிப்பவர் நமக்குப் பிடித்தவரா, அவருக்குத் தண்டனையா பாராட்டா, வலியைக் காட்டுகிறார்களா, அதை வைத்துச் சிரிக்க வைக்கிறார்களா என்பதெல்லாம் முக்கியம் என்றது. அந்த அளவுகோலில் இந்தப் படம் நல்ல மதிப்பெண் வாங்காது. ஆனால் இப்படி ஒரு படம் பார்த்த பிள்ளை முரடனாக வளர்வானா என்றால், அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. நீண்ட கால விளைவைப் பற்றி ஆராய்ச்சியாளர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். என் கண்ணால் பார்த்தது சின்ன விஷயம்தான்: படம் முடிந்த அரை மணி நேரத்துக்குத் தள்ளுமுள்ளு கூடும், அப்புறம் அடங்கிவிடும். வன்முறைக் காட்சிகளிலேயே ஒரு பிள்ளையைத் தொடக்கூடியது எது என்று கேட்டால், அடியைச் சொல்ல மாட்டேன். திருடர்கள் கெவினைப் பிடித்துக் கதவில் மாட்டிவைத்து, விரல் ஒவ்வொன்றையும் கடித்துத் துப்புவேன் என்று மிரட்டும் இடத்தைச் சொல்வேன். பிள்ளையின் மேல் நேராகத் திரும்பும் மிரட்டல் அது.

எனக்கு உண்மையான கவலை, பார்த்ததைச் செய்து பார்ப்பது. கதவுக் கைப்பிடியைச் சுட வைப்பது, பாத்திரத்துக்குள் பட்டாசு வெடித்துத் துப்பாக்கிச் சத்தம் உண்டாக்குவது, மாடிப்படியில் சறுக்குப் பலகையில் பாய்வது, அலமாரித் தட்டுகளில் காலை வைத்து ஏறுவது, மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் தொங்கி மரத்துக்குப் போவது. நம் வீடுகளில் டிசம்பரில் தீபாவளி மிச்சப் பட்டாசு எங்கேயாவது ஒரு டப்பாவில் இருக்கும். பால்கனியில் கொடிக் கயிறு இருக்கும். இரும்பு பீரோவும் புத்தக அலமாரியும் சுவரோடு பிணைக்காமல் நிற்கும். படத்தில் அலமாரி சரிந்து விழும்போது சிரிப்பு வரும். வீட்டில் அது பிள்ளையின் மேல் விழும். ஐந்து வயதுக்காரன் ‘இது நிஜத்தில் வேறு மாதிரி முடியும்’ என்று தானாக யோசிப்பான் என்று நம்பக் கூடாது. ஒன்பது வயதுக்காரிக்குச் சொன்னால் புரியும், ஆனால் சொல்ல வேண்டும். ‘இந்த இஸ்திரிப் பெட்டி நிஜமாவே அவ்வளவு உயரத்துல இருந்து முகத்துல விழுந்தா என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவளே சொல்லிவிடுவாள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ‘நாமெல்லாம் பார்த்து வளர்ந்தோம்’ என்பதைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் எந்த வயதில் பார்த்தார் என்று கேளுங்கள். படம் வந்தது 1990. அது நம் ஊர் டிவிகளுக்கு வந்து அவர் பார்த்தபோது ஐந்து வயதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அதோடு, சிறு வயதில் பார்த்த படத்தில் நமக்கு நினைவிருப்பது சிரிப்புதான். அண்ணன் பெட்டியில் கெவின் எடுத்துப் புரட்டும் ஆபாசப் பத்திரிகையும், இடையிடையே வரும் மட்டமான வார்த்தைகளும், குடும்பத்தில் எல்லாரும் அந்தப் பையனை எரிந்து விழுவதும் நினைவில் இருக்காது. பெரிய குற்றம் என்று எதுவும் இல்லை, மகள் ஒரு கேள்வி கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பழைய படங்களின் சான்றிதழைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிசம்பரில் இது அடிக்கடி நடக்கிறது. 1984இல் வந்த ‘கிரெம்லின்ஸ்’ கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் கதை. போஸ்டரில் பெரிய காது வைத்த அழகான குட்டிப் பிராணி. அமெரிக்காவில் பிஜி. உள்ளே பார்த்தால் பூதங்கள், அவற்றில் ஒன்று மைக்ரோவேவ் அடுப்பில் வெடித்துச் சிதறுகிறது. போதாததற்கு, கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருவர் கிடையாது என்பதைத் தான் தெரிந்துகொண்ட கோரமான கதையை ஒரு பெண் சொல்கிறாள். அந்த வருடம் பெற்றோர்கள் போட்ட சத்தத்தில்தான் அமெரிக்காவில் பிஜி-13 என்ற புதுப் பிரிவே வந்தது. அதே படத்துக்கு அப்போது பிரிட்டன் கொடுத்தது 15. ஆக, பிஜி-13 வருவதற்கு முன்னால் வாங்கிய பிஜியும் இப்போது வாங்கும் பிஜியும் ஒன்றில்லை. தாத்தா உண்டு என்று உங்கள் மகன் நம்புகிறான் என்றால் ‘ஹோம் அலோன்’ அந்த நம்பிக்கையைக் கெடுக்காது. வேஷம் போட்ட ஒருவரிடம் கெவின் போய், நீங்கள் நிஜமானவர் இல்லை என்று தெரியும், ஆனால் அவரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்றும் தெரியும் என்பான். எவ்வளவு நாசூக்கு!

‘அப்படியானால் சின்னவனுக்கு யு போட்ட படமாகப் பார்த்துப் போடுகிறேன்’ என்று நீங்கள் சொல்லலாம். அங்கேயும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2004இல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ அமெரிக்காவில் ‘ஜி’, பிரிட்டனில் ‘யு’. இரண்டுமே கட்டுப்பாடு மிகக் குறைந்த படி. ஆனால் பைஜாமா போட்ட பிள்ளைகள் நடு ராத்திரி தெரியாத ரயிலில் ஏறிப் போகிறார்கள், பனி உறைந்த ஏரி ரயிலுக்கு அடியில் உடைந்துகொண்டே வருகிறது, ரயில் கூரை மேல் ஆவி மாதிரி ஒரு மனிதன். கைவிடப்பட்ட பொம்மைகள் தொங்கும் பெட்டி ஒன்று உண்டு. அங்கே ஒரு கயிற்றுப் பொம்மை திடீரென்று பையனிடம் சீறும். நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கணினியில் உருவாக்கிய முகங்கள் வேறு. கண்ணில் உயிரில்லாத மாதிரி இருக்கிறது என்று பெரியவர்களே அப்போது எழுதினார்கள். முகத்தை வைத்து முடிவு செய்யும் வயதுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என் கணிப்பில் ஆறு ஏழு வயதுக்கு அருமையான படம், நாலு ஐந்துக்கு எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது.

ஐந்து வயதுக்கு நான் முதலில் பார்ப்பது நீளம். 1982இல் பிரிட்டனில் எடுத்த ‘தி ஸ்னோமேன்’ அரை மணி நேரம்கூடக் கிடையாது, வசனமே இல்லை. அதனால் மொழிச் சிக்கல் இல்லை, பையன் உங்கள் மடியில் உட்கார்ந்து தானே கதை சொல்லிக்கொண்டு பார்ப்பான். ஒரே ஒரு விஷயம்: காலையில் பனி மனிதன் உருகிக் கிடப்பதோடு படம் முடியும். சில பிள்ளைகள் அழுவார்கள். அழுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. வருத்தம் வேறு, பயம் வேறு. வருத்தப்பட்ட பிள்ளை உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டு, அது எங்கே போச்சு என்று கேட்கும், பேசலாம். பயந்த பிள்ளை பேசாது. ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று நிற்கும்.

எந்தப் படமானாலும் டிரெய்லரை நம்பாதீர்கள், அதில் சிரிப்பை மட்டும்தான் வெட்டிப் போடுவார்கள். முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்க்க நேரம் இல்லை என்றால், முதல் இருபது நிமிடத்தையும் முடிவுக்கு முந்தின கால் மணி நேரத்தையும் ஒலியைக் குறைத்து வைத்துப் பாருங்கள். பேச்சு இல்லாமல் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் சின்னவனுக்கும் தெரியும். நான் படம் தேர்ந்தெடுக்கும்போது செய்வது இதுதான்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையை எது தொடும் என்று வெளியாள் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மகனை எனக்குத் தெரியாது. நாய் குரைத்தால் ஓடுகிறவனா, கிட்டப் போய் வாலைப் பிடிக்கிறவனா, இருட்டில் தனியாகப் படுப்பானா, பழைய படங்களில் எந்த இடத்தில் எழுந்து போனான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அது என் பதிலோடு முரண்பட்டால் உங்களுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பார்க்கும்போது தம்பியை வேறு அறையில் அடைத்து வைக்க முடியாது என்பதும் தெரிந்ததுதான். மகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் தூங்கும் நேரத்தில் போடுங்கள். படம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். பாதியில் அவன் எழுந்து வந்துவிட்டால் ‘இது உனக்கில்லை’ என்று விரட்ட வேண்டாம், அது ஆசையைத்தான் கூட்டும். நிறுத்திவிட்டு, விளக்கைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்க விடலாம். நிலவறைக் காட்சியோ மார்லியோ வந்தால் தள்ளிவிடுங்கள். ஏற்கெனவே பயந்துவிட்டான் என்றால் ‘அதெல்லாம் நிஜமில்லடா’ என்ற விளக்கம் இந்த வயதில் பெரிதாக உதவாது. அது அக்காவுக்கு உதவும். இதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். குட்டிப் பிள்ளைகளுக்கு வேலை செய்வது கையில் பிடித்த பொம்மையும், குடிக்க ஏதாவதும், அம்மா பக்கத்தில் இருப்பதும்தான். விளக்கமெல்லாம் மறுநாள் பகலில்.

மகளுக்குப் படம் பிடித்துவிட்டால் அடுத்து இரண்டாம் பாகம் கேட்பாள். 1992இல் வந்த அது, முதல் பாகத்தைவிட அடியில் ஒரு படி மேல்: மாடியிலிருந்து எறியும் செங்கல் நேராகத் தலையில் விழும், ஷாக் அடித்து ஒருவன் எலும்புக்கூடாகவே மாறிக் கத்துவான். அதைப் போடுவது பற்றி அப்போது தனியாக முடிவு செய்யுங்கள். முதல் பாகம் முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கும் வசதியை முன்னாலேயே நிறுத்தி வைத்துவிடுங்கள், சின்னவன் தூங்கி எழுந்து ஹாலுக்கு வரும் நேரமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.